தங்கச்சி வண்டியின் ஐட்லிங்

அந்தத் தெருவில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ‘சரியாயிடும்’ என்றால்தான் திரும்புவார். இருபத்தாறு வருஷமாக எவர் எந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் வாயில் வரும் வார்த்தை அது. இன்ஜின் வெந்துபோய் வந்தாலும் அதே வார்த்தை, வைப்பர் ஒடிந்து வந்தாலும் அதே வார்த்தை. வண்டியே இல்லாத ஒருவர் வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டர் வீட்டுக்கு வழி கேட்டு வந்தபோதும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்னபடி பெரும்பாலும் சரிசெய்தும் கொடுப்பார். அதனால் கிண்டலாக ஆரம்பித்த பெயர் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதைப் பெயராகவே ஆகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மட்டும் அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை. எதிரே பானெட் திறந்து நின்றது அவருடைய தங்கையின் வண்டி.

தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. இவருக்கு மட்டும் இன்னமும் பாப்பா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே பெட்டியோடு மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் பேச்சைக் கேட்பதில்லை. பதினாலு மாதம் ஒரே அறையில், ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அண்ணன்தான் பழைய கார் ஒன்றை வாங்கி, கையாலேயே ஓட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். இழுத்தால் ஆக்ஸிலேட்டர், தள்ளினால் பிரேக். கியர் குமிழில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இன்ஜின் உறிஞ்சுகிற காற்றின் பலத்தில் ஒரு தகர டப்பா கிளட்சை இழுத்துக்கொள்ளும். பின்சீட்டை எடுத்துவிட்டு ஐஸ் பெட்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் இடம் செய்திருந்தார். கால் பெடல்கள் மூன்றையும் அப்படியே விட்டுவைத்தார். அவசரத்துக்கு வேறு யாராவது ஓட்ட வேண்டியிருக்கும் இல்லையா?

மூன்று வருஷம் அந்த வண்டி நன்றாகத்தான் ஓடியது. போன வாரத்திலிருந்து வண்டியை நிறுத்தினால் இன்ஜினும் நின்றுவிடுகிறது. அதாவது, ஓடிக்கொண்டே நிற்க வேண்டிய இடத்தில் அணைந்துபோகிறது. சிக்னலில் மூன்று தடவை. முந்தின நாள் சாயங்காலம் ரயில்வே கேட்டில்.

“தண்டவாளத்து மேல நின்னுபோச்சுண்ணா,” என்று வந்து சொன்னாள். அவள் முடிப்பதற்குள் இவர், “சரியாயிடும் பாப்பா, காலைல பார்த்துடலாம்,” என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி. மீதிக் கதையை அண்ணியிடம்தான் சொல்லியிருக்கிறாள். முன்னால் போன வேன் மெதுவானதும் இவளும் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். இன்ஜின் இருமிவிட்டு அணைந்தது. முன்சக்கரம் இரண்டும் தண்டவாளத்துக்கு நடுவில். மணி அடிக்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினாள், எடுக்கவில்லை. மறுபடி திருப்பினாள், எடுக்கவில்லை. கதவைத் திறந்து குதித்து ஓடுவதற்கு அவளுக்குக் கால் ஏது? மூன்றாவது தடவை எடுத்தது. கேட்டின் கம்பம் வண்டியின் கூரைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இறங்கியது. இதை மனைவி சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதோடு போனாலாவது பரவாயில்லை. இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. மாற்றியமைத்த வண்டி ஓட்டுகிறவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். அங்கே வண்டி அணைந்தால் தேர்வு போச்சு. அடுத்த வாய்ப்பு ஒரு வருஷம் கழித்து. அதுவரை பரிசோதனைக் கூடம் இவளுக்காகக் காத்திருக்காது.

“வேலை போனாக்கூட வேற தேடிக்கலாம்ணா,” என்றாள் காலையில் வந்ததும். “இன்னொரு வருஷம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியாது.”

அப்போதுகூட அவருக்கு அந்த வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“நான் ஏறி உட்காரட்டுமா? என்ன பண்ணுதுன்னு காட்டறேன்.”

“வேண்டாம் வேண்டாம். ஏறி எறங்கி எதுக்குக் கஷ்டப்படற? நீ நிழல்ல உட்காரு. நான் பார்த்துக்கறேன்.”

பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த அண்ணன்மார்களின் பாசம் இருக்கிறதே, அது வாயை மூடிக்கொண்டு நிழலில் உட்காரச் சொல்கிற பாசம். அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பட்டறையின் வாசலுக்குப் போனாள். அங்கே அவர் மனைவி தையல் மிஷினை வைத்துக்கொண்டு கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். பட்டறையின் முன்பாதி அவளுடைய ராஜ்யம்.

இவர் வேலையை ஆரம்பித்தார். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தார், நல்ல நிறத்தில் இருந்தன. காற்று போகிற வாயைக் கழற்றிக் கரி போகத் துடைத்தார். வண்டி நிற்கும்போது இன்ஜின் அணையாமல் ஓடுகிற ஓட்டத்தை, அதாவது ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்கிற சின்ன வால்வைக் கழுவி மாட்டினார். ரப்பர் குழாய் ஒவ்வொன்றின் மேலும் ஸ்ப்ரே அடித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்காவது திருட்டுக் காற்று நுழைந்தால் சத்தம் மாறும். மாறவில்லை. இன்ஜின் கொஞ்சம்கூடப் பிசிறில்லாமல் ஓடியது. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற மீட்டரில் முள் எண்ணூற்று ஐம்பதில் ஒட்டவைத்த மாதிரி நின்றது.

ஏறி உட்கார்ந்து நாலு தெரு சுற்றி வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தினார். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நின்றது. திரும்பி வந்து பெட்ரோல் பம்பைப் பார்த்தார். மறுபடி சுற்றினார். ஒயர்களைப் பார்த்தார். மறுபடி சுற்றினார். ஒன்பது, பத்து, பதினொன்று. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். கெட்டுப்போன வண்டியைக் கண்டு அவர் ஒருநாளும் பயந்ததில்லை. கெட்டது எங்கே என்று காட்டாத வண்டிதான் அவரைப் பயமுறுத்தியது.

பதினொன்றேகாலுக்கு வாசலுக்கு வந்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே இன்னும் துடைத்தார்.

“பாப்பா, என்கிட்ட ஒழுங்காத்தான் ஓடுது. அஞ்சு தடவை சுத்திட்டு வந்துட்டேன்.”

“சரி?”

“இல்ல… ஒருவேளை உன் கைல ஏதாவது… நிறுத்தறப்ப ஆக்ஸிலேட்டரைச் சட்டுனு விட்டுடறியோ என்னவோ.”

தையல் மிஷின் நின்றது.

“அப்படியா?” என்றாள் தங்கை. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “இவ்வளவு நாள் எல்லாத்துக்கும் என் கால்தான் காரணமா இருந்துச்சு. இனிமே கையுமா?”

“நான் அப்படிச் சொல்லலம்மா…”

“அப்படித்தான் சொன்னே. நேத்து நான் தண்டவாளத்து மேல உட்கார்ந்திருந்தேன். நீ சரியாயிடும்னே. இன்னிக்கு என் கை சரியில்லைங்கறே.” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது; புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். “நீ எப்படி ஓட்டிப் பார்த்தே?”

“எப்படின்னா? ஓட்டித்தான்.”

“எதால ஓட்டினே?”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலால்தான் ஓட்டினார். அந்த நெம்புகோலையும் பொத்தானையும் மாட்டியது அவர்தான், மாட்டிய அன்றைக்கு நின்ற இடத்தில் அமுக்கிப் பார்த்ததும் அவர்தான். ஆனால் இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் அந்த வண்டியைக் கையால் ஓட்டித் தெருவில் இறங்கியதில்லை. பெடல் இருக்கும்போது கால் தன்னால் அதற்குப் போய்விடுகிறது. இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது.

“அண்ணி, சீட் பெல்ட்டுப் பட்டை ஒண்ணு வெட்டிக் குடுங்க,” என்றாள் தங்கை. “இவர் காலைக் கட்டணும்.”

அவர் மனைவி உடனே எழுந்தாள். இரண்டு முழம் பட்டையை வெட்டிக்கொண்டு வந்தாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டையும் சேர்த்துச் சுற்றி இறுக்கினாள். “நல்லா இறுக்கட்டுங்களா?” என்று மட்டும் கேட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரைக் கட்டிப்போடுவதற்கு அவளுக்கு இன்றைக்குத்தான் முறையான காரணம் கிடைத்திருந்தது. தங்கை நாற்காலியிலிருந்து பக்கத்து இருக்கைக்கு மாறினாள். பழக்கத்தில் அவர் கை நீட்டியபோது, “தொடாதே,” என்றாள்.

வாசலைத் தாண்டுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பிரேக் என்று நினைக்கும்போதெல்லாம் வலது கால் துள்ளியது. பட்டை அதைப் பிடித்து வைத்தது. ஒரு கையில் நெம்புகோல், ஒரு கையில் கியரும் ஸ்டியரிங்கும். தெருவில் போகிற சைக்கிள்கூட லாரி மாதிரித் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் வண்டியோடு புழங்கியவர், பள்ளிக்கூட வாசலில் விடப்பட்ட பிள்ளை மாதிரி விழித்தார்.

“பாலத்துக்கு விடு,” என்றாள்.

பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பாதி ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. அவர் நெம்புகோலைத் தள்ளினார், பொத்தானை அமுக்கினார். வண்டி நின்றது. முள் எண்ணூற்று ஐம்பதிலிருந்து அறுநூறுக்கு இறங்கியது. இன்ஜின் ஒருமுறை குலுங்கியது. நானூறு. அவர் பதறிப்போய் நெம்புகோலைத் தன் பக்கம் இழுத்தார், பிரேக் விட்டுப்போனது. இன்ஜின் இருமிவிட்டு அணைந்தது.

வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

கால் இரண்டும் பட்டைக்குள் உதறின. பின்கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முகம். ஹாரன் காதைப் பிளந்தது.

“தள்ளுண்ணா! இழுக்காதே, தள்ளு!”

தள்ளினார். இரண்டு கையாலும் தள்ளினார். வண்டி நின்றபோது லாரிக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“யோவ்! பிரேக்கை மிதிக்கத் தெரியாதா? கால் இல்லையா உனக்கு?”

“இருக்குங்க! கட்டி வெச்சிருக்கு!” என்று தங்கை ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

லாரிக்காரர் வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. இதை இவள் தினமும் செய்கிறாள் என்று நினைத்தார். பஸ்ஸுக்குப் பின்னால், லாரிக்கு முன்னால், ஐஸ் பெட்டியில் யார் யாருடைய ரத்தமோ குலுங்க, தினமும்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினார். எடுத்தது. முள் எண்ணூற்று ஐம்பதில் நின்றது. பொத்தானை அமுக்கினார், முள் விழுந்தது. விட்டார், எழுந்தது. அமுக்கினார், விழுந்தது.

“உன் கை இல்லம்மா,” என்றார். “உன் கை இல்லவே இல்ல.”

பட்டறைக்கு வரும்போது பன்னிரண்டு. பட்டையை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, பானெட்டைத் திறந்துவிட்டு, அந்த மூன்று வருஷத்தில் சொல்லாததைச் சொன்னார்: “நீ ஏறி உட்காரு. நான் சொல்றப்போ பொத்தானை அமுக்கு.”

அவள் மாறி உட்கார்ந்தாள். அமுக்கினாள். இன்ஜின் தள்ளாடியது. அவர் பேட்டரிக்குக் கீழே ஒளிந்திருந்த அந்தத் தகர டப்பாவுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே சீறல். டப்பாவின் முதுகில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை இருக்கும். அதை விரலால் பொத்தினார். விரல் நுனியை உள்ளே உறிஞ்சியது. இன்ஜின் சட்டென்று நிமிர்ந்தது.

டப்பாவுக்குள் இருக்கிற ரப்பர்த் தட்டு கிழிந்திருக்கிறது. பொத்தானை அமுக்கும்போது மட்டும் அந்தக் கிழிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் போகிறது. காலால் கிளட்சை மிதிக்கிறவனுக்கு அந்த டப்பா வேலையே செய்யாது. சாயங்காலம் வரை தலைகீழாக நின்று பார்த்திருந்தாலும் அவரிடம் அந்த வண்டி அணைந்திருக்காது.

கழற்றிப் பிரித்தார். ரப்பர் குதிகால் வெடிப்பு மாதிரி வெடித்திருந்தது, வெந்துபோன வெடிப்பு. எதனால் வெந்தது என்று பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டப்பாவுக்கு நாலு விரல் தள்ளி, பளபளவென்று தடித்த புகைக்குழாய். ரேஸ் வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது. ஏற்றத்தில் வண்டி நன்றாக இழுக்கட்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரே மாட்டினார். அவள் கேட்கவில்லை, அவராக ஆசைப்பட்டு மாட்டியது. அந்தச் சூட்டில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

“நான்தான் பாப்பா,” என்றார். “தண்டவாளத்துல உன்னை நிறுத்தினது நான்தான்.”

அவர் எழுந்து கடை கடையாகப் போன் போட்டார். இந்த மாதிரி ரப்பர் யாரிடமும் கிடையாது. வரவழைக்க எட்டு நாள் என்றார்கள். மணி பன்னிரண்டே முக்கால். போனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது அவள் டாஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். உள்ளே மடித்த காகிதம் ஒன்று, புது ரப்பர்த் தட்டு ஒன்று.

“டப்பாவோட வந்தது. பேப்பரை நீ குப்பைல போட்டே, நான் எடுத்து வெச்சேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும்னு போட்டிருக்கு. போன வருஷம் ரெண்டு தடவை உன்கிட்ட சொன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“என்ன சொல்லியிருப்பே?”

மிஷினுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி இரண்டு தடவை இருமினாள். காகிதம் படித்து வண்டி பார்க்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்று பட்டறை முழுக்கப் பேசித் திரிந்தவர், அந்தக் காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வரி வரியாகப் படித்தார். படித்தபடியே மாட்டினார். ஒரு திருகு கை நழுவிக் கீழே விழுந்தது. மனைவி ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து வந்து அதை எடுத்துக் கொடுத்தாள். பழைய ஆயில் டின்னை வெட்டி, குழாய்க்கும் டப்பாவுக்கும் நடுவில் தடுப்பாக வைத்து முடுக்கினார். ஒன்று இருபத்தைந்துக்கு அவள் பொத்தானை அமுக்கினாள். முள் அசையவில்லை. பத்துத் தடவை அமுக்கச் சொன்னார். பத்துத் தடவையும் அசையவில்லை.

தேர்வு மைதானத்தில் அவரைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே தங்கைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள், மடியில் அட்டை, காதில் பேனா. வண்டி நேராகப் போனது, வளைந்தது, பின்னால் வந்தது. பிறகு சிமெண்ட் ஏற்றத்தில் ஏறி, பாதியில் நின்றது. பத்து எண்ணும் வரை நிற்க வேண்டும். இவர் கண்ணை மூடிக்கொண்டு காதால் பிடிக்கப் பார்த்தார். மூன்று எண்ணுவதற்குள் ரோட்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து வேலிக்குப் பின்னாலேயே நின்றது. இன்ஜின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. ஆயிரம் வண்டியைக் காதாலேயே கண்டுபிடித்தவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செவிடராக நின்றார். கண்ணைத் திறந்து பார்த்தார். பத்தாகிவிட்டது, பன்னிரண்டாகிவிட்டது, வண்டி நகரவில்லை. பின்சக்கரம் ஒரு விரற்கடை பின்னால் உருண்ட மாதிரி இருந்தது. அப்புறம் வண்டி முன்னால் ஏறியது, மேட்டைத் தாண்டி மறைந்தது.

கால்மணி நேரம் கழித்து அவள் சீல் குத்திய தாளை ஜன்னல் வழியாக ஆட்டிக்கொண்டு வந்தாள். அவர் வேலி ஓரமாகவே குந்தி உட்கார்ந்து, முகத்தைச் சட்டையில் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் அழுதார்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போனது, நிலம் அதிர்ந்தது, வண்டி அடங்கி ஓடிக்கொண்டு நின்றது. கேட் திறந்தது. முன்னால் ஒரு வேன் தண்டவாளத்தின் மேலேயே தயங்கியது. அவள் அது முழுக்கக் கடக்கும்வரை பொத்தானை அமுக்கியபடி காத்திருந்தாள். பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி அழுத்தினார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பெடல் எதுவும் கிடையாது.

“என்னண்ணா,” என்றாள், முன்னாலேயே பார்த்துக்கொண்டு. “சரியாயிடும்னு சொல்லல?”

“பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான்,” என்றாள். “தினமும்.”

வேன் கடந்துபோனது. அவள் பொத்தானை மெதுவாக விட்டு, நெம்புகோலைத் தன் பக்கம் இழுத்தாள்.